காந்தா கும்மிக்குள் போன கதை

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்துத் தெருக்களில் யார் எந்த ஊரிலிருந்து வந்து குடியேறியவர் என்று காந்தாவுக்குத் தெரியும். பெயர் தெரியாது, பாஷை தெரியாது. மீனை எப்படி வெட்டச் சொல்கிறார்கள் என்பதை வைத்துச் சொல்லிவிடுவாள். தலையை இரண்டாகப் பிளந்து கண்ணோடு கேட்டால் வங்காளம். மத்தியை முழுசாக வைத்து முதுகில் கீறல் மட்டும் போடச் சொன்னால் மலையாளம். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற பஞ்சாப்காரர் ஒருவர் வருவார். முள்ளே இருக்கக் கூடாது அவருக்கு. "முள்ளு இல்லாத மீனுக்கு நான் கடல்ல எந்தப் பக்கம் போறது சார்?" என்று இவள் தமிழில் கேட்பாள். அவர் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். வியாபாரம் நடந்துவிடும்.

காந்தாவின் வீட்டுக்காரன் கோதண்டம் என் கூடப் பிறந்த அக்கா மகன். காந்தாவும் அந்நியம் இல்லை. அவளுடைய அம்மாவைப் பெற்றவளும் என் மாமியாரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். அந்த வகையில் பார்த்தாலும் கல்யாண வகையில் பார்த்தாலும் அவள் எனக்கு மருமகள் முறை. அவள் என்னைச் சின்னம்மா என்றே கூப்பிடுகிறாள், ஏனென்றால் கோதண்டம் அப்படிக் கூப்பிட்டான்.

எங்கள் குப்பம் கோவளத்துக்குப் பக்கம். விடியும்போது கரையில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, லோடு ஆட்டோவில் கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகப் போனால் எட்டரைக்கு ஏரிக்கரை வாகை மரத்தடியில் கடை போட்டுவிடலாம். கோதண்டம் கடலுக்குப் போனவரைக்கும் அவன் கொண்டுவந்த மீனை விற்றாள். இப்போது அடுத்தவர் மீனை எடுத்து விற்கிறாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம். பைபர் படகில் மூன்று பேர் போனார்கள். காற்று திரும்பியது. படகு கவிழ்ந்து கரைக்கு வந்தது. வலை வந்தது. ஒருத்தன் நீந்தி வந்தான். ஒருத்தன் மூன்றாம் நாள் மகாபலிபுரத்துப் பக்கம் உடம்பாக ஒதுங்கினான். கோதண்டம் மட்டும் எந்த விதத்திலும் வரவில்லை.

உடம்பு வராத வீட்டில் என்ன செய்வது? எங்கள் சனத்தில் சிலர் ஒரு வருஷம் பார்த்துவிட்டு, வைக்கோலில் உருவம் செய்து எரித்துக் காரியம் பண்ணிவிடுவார்கள். கோதண்டத்தின் தங்கை மஹாலட்சுமி அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "எங்க அண்ணன் வரும். ஆந்திராக் கரையில ஒதுங்கி கீதோ, சிலோன் ஜெயில்ல கீதோ. உசிரோட கீற மனுசனை நான் எரிக்க மாட்டேன்" என்று ஒரே பிடி. குப்பத்துப் பஞ்சாயத்து பேசுகிற நாட்டாரும் அவள் குரலுக்குப் பயந்து விட்டுவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து, இறந்ததாகச் சர்டிபிகேட் வாங்கலாம் என்று ஒரு வக்கீல் சொன்னார். அந்தக் காகிதத்தையும் மஹாலட்சுமி வீட்டுக்குள் விடவில்லை.

காந்தா என்ன நினைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். தாலி கழுத்தில் இருந்தது, பொட்டு நெற்றியில் இருந்தது. ஆனால் ஒரு வீட்டிலும் அவளை ஆரத்தித் தட்டு பிடிக்கக் கூப்பிடவில்லை. அவள் பெற்ற மகள் கல்யாணத்துக்கே மஹாலட்சுமியும் அவள் புருஷனும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். காந்தா சமையல்கட்டில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் போனபோது நான் ஒதுங்கி உட்கார்ந்தேன். எனக்கு எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். அவளுக்கு அது கூட இல்லை.

ஆடி மாதம் எங்கள் அம்மன் கோயிலில் நடுவில் குத்துவிளக்கு ஏற்றிக் கும்மி கொட்டுவோம். விளக்கு வைத்த கும்மி அம்மனுக்கு உண்டானது. புருஷனோடு வாழ்கிறவர்களும் கல்யாணம் ஆகாத பெண்களும்தான் அந்த வட்டத்துக்குள் போகலாம். கடலுக்குப் போகிற ஆண்கள் திரும்பி வருவதற்காகக் கொட்டுகிற கும்மி அது. வாழாதவள் கை பட்டால் யார் வீட்டுப் படகுக்காவது ஆகாது என்பது எங்கள் பயம். இந்த விதியை யார் வைத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. விளக்கு இல்லாமல் விளையாட்டுக்குக் கொட்டும் கும்மிக்கு விதி ஒன்றும் கிடையாது. ஆனால் கல்யாணத்துக்கெல்லாம் டிஜே வந்த பிறகு அந்தக் கும்மியை யார் கொட்டுகிறார்கள்?

காந்தாவின் கும்மியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பாவி. அவள் கை தட்டினால் தேங்காய் உடைக்கிற சத்தம் வரும். குனிந்து நிமிர்வதில் இடுப்பு ஒரு அலை மாதிரி போகும். வட்டத்தில் யார் அடி தப்பினாலும் பாடிக்கொண்டே தப்பியவள் பெயரைப் பாட்டில் நுழைத்து மானத்தை வாங்கிவிடுவாள். பதினோரு ஆடி அவள் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றாள். அவள் கால் கட்டைவிரல் மட்டும் மண்ணில் தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்த நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் பீர்க்கன்கரணையில் எப்சி டீச்சர் வந்து கேட்டாள். காந்தாவிடம் மீன் வாங்குகிறவள், அந்தத் தெருக்களின் நலச்சங்கத்தில் பொறுப்பில் இருக்கிறவள். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் நடன விழா. அவரவர் ஊர் ஆட்டத்தை அவரவர் ஆட வேண்டும், சினிமாப் பாட்டு கிடையாது என்று ஏற்பாடு.

"குஜராத், கேரளா, அசாம், பஞ்சாப் எல்லாரும் பேர் குடுத்தாச்சுக்கா. நம்ம ஊருக்குத்தான் ஆளைக் காணோம்."

"ஏன் டீச்சர், சின்னப் பொண்ணுங்க சலங்கை கட்டிகினு போவுதுங்களே?"

"அது கிளாஸ்ல போய்க் கத்துக்கிட்டது. நீங்க பலகை மேல கத்தியால தட்டறீங்களே, அது எந்தக் கிளாஸ்ல கத்துக்கிட்டீங்க?"

"தட்டுனா செதிலு உதிரும். அதுக்குத்தான்."

"செதில் உதிர்றதுக்குத் தாளம் எதுக்கு?"

காந்தா சங்கரா மீனைத் தேய்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "நடுவுல வெளக்கு வெப்பீங்களா?"

"விளக்கு எதுக்குக்கா? மேல பெரிய லைட்டே போடறோம்."

அப்போதே அவள் மனசு ஆடத் தொடங்கிவிட்டது. ஆனால் குப்பத்தில் கும்மிக்குத் தலைமை மஹாலட்சுமி. அவள் வராமல் ஒருத்தியும் வரமாட்டாள். அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டு வாசலில் போய் நின்றாள் காந்தா.

"வெளக்கு இல்லாம கொட்டுனா அது கும்மியா அண்ணி? எக்ஸர்சைஸ்" என்றாள் மஹாலட்சுமி.

"எக்ஸர்சைஸுன்னே வெச்சிக்க. சுகர் டாக்டர் உன்னை அதைத்தான செய்யச் சொன்னாரு?"

மஹாலட்சுமி சிரித்துவிட்டாள். அவளுக்குள்ளும் ஏதோ இருந்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக அண்ணியை வெளியே நிறுத்தியது அவளுக்கும் உறுத்தாமலா இருக்கும்? ஆக காந்தாவோடு சேர்த்துப் பத்துப் பெண்கள். உப்பளத்துப் பக்கத்து வெட்டவெளியில் பத்து நாள் ஒத்திகை. முதல் நாள் காந்தா கை தட்டியபோது சத்தமே வரவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். ஐஸில் கிடந்து கிடந்து தோல் மரத்துப்போயிருந்தது. மூன்றாம் நாள் அந்தத் தேங்காய்ச் சத்தம் திரும்பி வந்தது.

விழா அன்று ஒரே லோடு ஆட்டோவில் பத்துப் பேரும் போனோம் என்று சொல்ல ஆசை. பதினொன்று. எனக்கு முட்டி வலி, ஆடப் போவதில்லை. ஆனாலும் யார் தடுத்தாலும் நான் போயிருப்பேன். மேடை ஓரத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இத்தனை விதமாகக் கால் வைக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பஞ்சாப்காரர் எழுபது வயதில் தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தார். மேடைக்குப் பின்னாலிருந்து காந்தா, "முள்ளு வேணாம் சார் வந்துட்டாரு சின்னம்மா, பாரு" என்றாள். அசாம் நர்ஸுப் பெண்கள் இடுப்பில் கை வைத்து மூங்கில் மாதிரி வளைந்தார்கள். குஜராத்துக்காரர்கள் கோலால் அடித்த வேகத்தில் யாருக்காவது மண்டை உடையும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மலையாளப் பெண்கள் எட்டுப் பேர் வெள்ளைப் புடவையில் வந்தார்கள். நடுவில் குத்துவிளக்கு வைத்துச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். மெதுவான ஆட்டம். எங்கள் கும்மிக்கு அக்கா முறை என்று சொல்லலாம்.

அடுத்தது நாங்கள். அங்கேதான் தப்பு நடந்தது. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாத தப்பு.

சங்கத்துச் செயலாளர் ராஜகோபாலன் திருநீர்மலைப் பெருமாளுக்குச் சனிக்கிழமை தவறாதவர். மீன் பக்கம் வராதவர், ஆனால் காந்தாவைப் பார்த்தால் கை கூப்புவார். இரண்டும் வட்டமாகச் சுற்றுகிற ஆட்டம்தானே, விளக்கு நடுவில் இருந்தால் லட்சணமாக இருக்குமே என்று நல்ல மனசோடு விளக்கை எடுக்காமல் விட்டுவிட்டார். எண்ணெய் கூட ஊற்றித் திரியைத் தூண்டிவிட்டார்.

விளக்கை எடுத்திருப்பார்கள் என்ற நினைப்பில் எங்கள் பெண்கள் ஒத்திகைப்படி வரிசையாக எதிர்ப்பக்கத்திலிருந்து ஏறினார்கள். மேலே இருந்த லைட்டில் கண் கூசியது. ஒன்பது பேரும் வட்டம் கட்டி நின்ற பிறகுதான் நடுவில் எரிவது கண்ணில் பட்டது. கடைசியாகப் பாடிக்கொண்டே ஏற வேண்டிய காந்தா, என் நாற்காலிக்குப் பக்கத்துப் படியில் நின்றுவிட்டாள்.

"வாங்கம்மா, மைக் ஆன்ல இருக்கு" என்றார் ராஜகோபாலன்.

"சார், வெளக்கு" என்றாள் மஹாலட்சுமி.

"ஆமாம், உங்களுக்காகத்தான் விட்டு வச்சேன். நன்னா இருக்கில்லையா?"

எப்சி ஓடி வந்தாள். காந்தா முகத்தைப் பார்த்தே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. "எடுத்துடலாம் சார், அவங்களுக்கு விளக்கு வேணாமாம்" என்றாள்.

"ஐயோ, தொடாதீங்க டீச்சர்!" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். எரிகிற விளக்கைச் சுற்றிப் பெண்கள் வட்டம் கட்டிக் கால் வைத்துவிட்டால், ஒன்பது சுற்று முடியாமல் அதை எடுக்கவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எங்களில் அது மீறக் கூடாத கட்டு. ராஜகோபாலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்ன பாவம் பண்ணினோம் என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

காந்தா குரலைத் தணித்துச் சொன்னாள். "நீங்க கொட்டுங்க மஹா. நான் இங்கயே நின்னு பாடறேன்."

"நீ வராம எப்புடி? ஜோடி கொறையுது."

"வெளக்கு கீதே" என்றாள் வட்டத்தில் நின்ற ஜெயஸ்ரீ. அவள் சின்னவள், கல்யாணமாகி நாலு வருஷம். குத்திப் பேசவில்லை. இருப்பதைச் சொன்னாள்.

மைதானத்தில் இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ விசில் அடித்தார்கள். காந்தா படியிலிருந்து ஒரு படி மேலே ஏறி நின்றாள்.

"மஹா, உன்னாண்ட ஒண்ணு கேக்குறேன். பதினோரு வருசமா கேக்கல. உங்க அண்ணன் கீறாரா, இல்லியா? நீ சொல்லு. கீறாருன்னா அவரு பொண்டாட்டியா உள்ள வர்றேன். இல்லன்னா சின்னம்மா பக்கத்துல குந்திக்கிறேன். எனக்கு ரெண்டும் சம்மதம். ஆனா ரெண்டுல ஒண்ணு சொல்லு. இப்புடி நிக்க வெக்காத."

எங்களுக்கெல்லாம் மஹாலட்சுமியின் பதில் தெரியும். பதினோரு வருஷமாக ஒரே பதில்தான். அவள் விளக்கைப் பார்த்தாள்.

"தெரியல அண்ணி" என்றாள்.

வருவான் என்று ஒரு பக்கம், போய்விட்டான் என்று ஒரு பக்கம். இத்தனை காலம் எல்லாரும் தெரிந்த மாதிரியே பேசிவிட்டோம். தெரியாது என்கிற வார்த்தையை எங்கள் வீட்டில் ஒருத்தர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கும் தெரியலடி" என்றாள் காந்தா. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "தெரியாதவ எங்க நிக்கணும்னு நாட்டாரு எவனாச்சும் சொல்லி கீறானா?"

"இல்ல."

"அப்ப நவுரு" என்று சொல்லிவிட்டு மேடையில் ஏறி, மஹாலட்சுமிக்கு எதிரில் போய் நின்றாள்.

ஜெயஸ்ரீ வட்டத்திலிருந்து பின்னால் நகர்ந்தாள். "கோச்சிக்காத அண்ணி. எங்க வூட்டுக்காரரு காலையில கடலுக்குப் போறாரு. எனக்கு பயமா கீது." சொல்லும்போதே அவள் கண்ணில் நீர் முட்டியது. காந்தா அவள் கன்னத்தைத் தொட்டு, "போய் ஒக்காரு கண்ணு" என்றாள். ஜெயஸ்ரீ இறங்கி வந்து என் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களும் நகர்வார்கள் என்று நினைத்தேன். ஒருத்தி மட்டும் கண்ணை மூடி முணுமுணுத்தாள். ஆனால் நின்றாள்.

இப்போது வட்டத்தில் ஒருத்திக்கு ஜோடி இல்லை. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மலையாளப் பெண் ஒருத்தி, ஸ்ம்ருதி என்று பெயர், கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நின்றாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. "தெற்றினால் சிரிக்கக் கூடாது" என்றாள், அடி தப்பினால் என்பதை அவள் பாஷையில். "மத்திக்காரம்மா, நான் சொல்றப்ப குனிஞ்சா போதும்" என்றாள் காந்தா.

பிறகு அவள் கை தட்டினாள். மைக் அந்தச் சத்தத்தை எடுத்து ஏரி வரைக்கும் கொண்டுபோனது.

முதல் மூன்று சுற்று ஒழுங்காகவே இல்லை. ஸ்ம்ருதி எங்கள் ஆட்டத்தில் அவர்கள் ஊர் அடியை வைத்தாள். மஹாலட்சுமி பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டாள். நாலாவது சுற்றில் காந்தா மத்திக்காரம்மாவைப் பாட்டில் நுழைத்து மானத்தை வாங்கினாள். கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு வட்டம் ஓடத் தொடங்கியது. கால், கை, இடுப்பு எல்லாம் ஒரே உடம்பு மாதிரி. ஒன்பது சுற்றும் முடிந்ததும் மஹாலட்சுமி விளக்கின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். காந்தா நின்றபடியே கும்பிட்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஜெயஸ்ரீ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் வீடு சேர்வதற்குள் யாரோ எடுத்த வீடியோ எங்கள் குப்பத்துப் போன்களில் வந்துவிட்டது. விளக்கும் தெரிந்தது, காந்தாவும் தெரிந்தாள்.

மறுநாள் விடியலுக்கு முன்னால் ஜெயஸ்ரீ புருஷன் இளமாறன் படகைத் தள்ளினான். காந்தா மீன் எடுக்கக் கூடையோடு வந்தவள் எடுக்கவில்லை. லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. போகச் சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள், வலை பிரிக்கிற மாதிரி, சும்மா வந்த மாதிரி. எல்லார் கண்ணும் ஒரே பக்கம். அன்று அந்தப் படகுக்கு ஒன்று என்றால் காந்தா இந்தக் கரையில் இருந்திருக்க முடியாது. அவளுக்கும் அது தெரியும். எழுந்து ஓடி ஒளிந்திருக்கலாம், ஒளியவில்லை.

"வூட்டுக்குப் போ அண்ணி" என்று மஹாலட்சுமி வந்து சொன்னாள்.

"நான் கொட்டுன கும்மிடி. நான்தான் பாக்கணும்."

மஹாலட்சுமியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இவளைப் போலவே அவளும் பதினோரு வருஷத்துக்கு முன்னால் இப்படி உட்கார்ந்திருந்தாள். அன்று இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்கு மேல் படகு வந்தது. வழக்கமாக வருகிற நேரம்தான், எங்களுக்குத்தான் நேரம் நீண்டுவிட்டது. இளமாறன் குதித்து இறங்கி, கரையில் இத்தனை கூட்டத்தைப் பார்த்து, "இன்னாத்துக்கு எல்லாம் குந்தினு கீறீங்க? எதுனா சாவா?" என்றான். அவனிடம் ஒருத்தரும் வீடியோ காட்டியிருக்கவில்லை. வலையில் அரைக்கூடை நெத்திலி. பெரிய மீனும் இல்லை, வெறும் கையும் இல்லை.

ஆடிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. காந்தா விஷயம் பேச நாட்டார் இரண்டு தடவை கூடி, இரண்டு தடவையும் வேறு விஷயம் பேசிவிட்டுக் கலைந்தார்கள். அண்ணி வட்டத்தில் இல்லையென்றால் தானும் இல்லை என்று மஹாலட்சுமி சொல்லி அனுப்பிவிட்டாள். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

படகு வந்த அன்று காலையில் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஜெயஸ்ரீ தானே அந்த நெத்திலியை அள்ளிக் காந்தாவின் கூடையில் கொட்டினாள்.

"எனக்கு பயம் இன்னும் போவல அண்ணி" என்றாள்.

"எனக்கு மட்டும் போயிடுச்சா?" என்றாள் காந்தா. கூடையைத் தூக்கிவிடச் சொல்லித் தலையில் வாங்கிக்கொண்டு, வண்டலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.